ஒன்பது லட்சத்து அறுபதாயிரமும் ஆறு ஒலிகளும்

2024 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த போன் வந்தது. காது மெஷின் விற்கும் ஒரு நிறுவனம். சென்னையில் வேலை, ஆண்டுக்கு 9,60,000 ரூபாய். அப்போது என் சம்பளம் மாதம் 31,000. பிடித்தம் போகக் கைக்கு வருவது 29,000. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மதுரையில் ஒரு சிறிய பேச்சுப் பயிற்சி மையத்தில் நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதித்துப் பயிற்சி தருகிறவள். காக்ளியர் இம்பிளாண்ட் என்ற கேட்கும் கருவியை அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்திய சின்னப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் எங்களிடம் வருவார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை கிடைக்கிறது. அதனால் கட்டட வேலைக்குப் போகிறவரின் பிள்ளையும் வரும். ஆனால் கருவி வைத்த உடனே பிள்ளை பேசிவிடாது. புண் ஆறி, மூன்று நான்கு வாரம் கழித்து வெளிக்கருவியை மாட்டி இயக்கும் அன்றுதான் முதல் சத்தமே உள்ளே போகும். பயந்து அழுகிற பிள்ளைகள் உண்டு. அப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகள். என் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்வேன். கேட்டால் கையிலிருக்கும் கட்டையை வாளிக்குள் போட வேண்டும். இந்த ஆறும் கேட்டுவிட்டால், பேச்சில் வருகிற தாழ்ந்த சுருதி ஒலியிலிருந்து உயர்ந்த சுருதி ஒலிவரை பிள்ளைக்கு எட்டுகிறது என்று தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த 2020 ஜூலையில் எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தோம். துணி, ‘ஸ்’ஸையும் ‘ஷ்’ஷையும் மங்கடித்துவிடும். அந்த ஒரு வருடம் நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

இந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் வீட்டில் என் கல்விக் கடனுக்கு மாதம் 6,200 கட்டுகிறோம். தம்பி அப்போது இரண்டாம் ஆண்டு இன்ஜினியரிங். அப்பா லாரி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். பிடித்த வேலை என்று சொல்லிக்கொண்டு வீட்டுச் சுமையைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அம்மா மட்டும், “உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய் தாயி” என்றாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பாரமாக இருந்தது.

ஆஃபர் லெட்டர் வந்தது. பதில் சொல்ல ஒரு வாரம் கொடுத்தார்கள். இன்னும் பத்து நாள் கேட்டேன், தந்தார்கள். கேட்டால் தருவார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

முதல் ஞாயிறு, ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். 9,60,000இல் 1,80,000 டார்கெட் முடித்தால் மட்டும். மீதி 7,80,000இல், நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 21,600, கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை) என்று சுமார் 18,500, இன்சூரன்ஸ் 12,000 எல்லாம் அடக்கம். இவற்றைக் கழித்து, என் பங்கு பி.எஃப்., தொழில் வரியும் போனால் மாதம் 58,600 கைக்கு வரும். புதிய வரிமுறையில் அந்தத் தொகைக்கு வருமான வரி இல்லை. சென்னையில் இன்னொரு பெண்ணோடு பங்கு போட்டாலும் வாடகை, கரண்ட், சாப்பாடு, மாதம் இருமுறை ஊருக்கு வந்துபோவது என்று 26,000 ஆகிவிடும். மிச்சம் 32,600. திருமங்கலத்தில் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருவதில், இப்போதைய 29,000இல் செலவு 3,500 போக 25,500 மிஞ்சுகிறது.

ஆக வித்தியாசம் 7,100 ரூபாய். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். டார்கெட் முழுவதும் முடித்தால், வரி போக இன்னும் 12,000 சேரும். அப்போது 19,000. அது சின்னத் தொகை இல்லை; தம்பியின் பீஸ் முழுக்க அதில் அடங்கிவிடும். ஆகவே முக்கியமான கேள்வி, டார்கெட் முடிகிறதா என்பதுதான். ஹெச்.ஆரிடம் நேரடியாகக் கேட்டேன்: “போன வருஷம் இந்த வேலையில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு முழுத்தொகை கிடைத்தது?” கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டாவது முறை கேட்டபோதும் அதே பதில். இதை யாருக்கும் சொல்வேன்: இந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் நிறைந்திருக்க வேண்டும். எனக்கு நான்கு வருடம் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. என் அடிப்படைச் சம்பளம் 18,000. மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் ஐந்து வருடத்துக்கு 52,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இப்போது போனால் அது கிடைக்காது.

பணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் பிடிக்கவில்லை. கல்லூரியில் எனக்கு சீனியராக இருந்த அக்கா ஒருவர், வேறொரு நிறுவனத்தில் இதே மாதிரி வேலை பார்க்கிறார். “ஒரு நாள் உங்களோடு வரட்டுமாக்கா?” என்று கேட்டேன். திருச்சியில் காலை எட்டரை முதல் இரவு ஏழுவரை ஆறு ஈ.என்.டி. கிளினிக். ஒவ்வொன்றிலும் காத்திருப்பு. நான்காவது கிளினிக்கில் ஒரு பெரியவருக்கு மெஷின் மாட்டினார். பேத்தி “தாத்தா” என்றதும் அவர் திரும்பிப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது மதிப்பில்லாத வேலை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

திரும்பி வரும்போது, “அந்தத் தாத்தாவை மறுபடி எப்போக்கா பார்ப்பீங்க?” என்று கேட்டேன். “நான் எங்கடி பார்க்கப்போறேன், கிளினிக்ல பார்த்துக்குவாங்க” என்றார். பஸ்ஸில் மதுரை வரும்வரை அதுவே மனதில் ஓடியது. எனக்குப் பிடித்தது அந்த ஒரு நொடி இல்லை. அதற்குப் பிறகு வருகிற நூறு திங்கட்கிழமைகள். வாளியில் கட்டை போடத் தெரியாமல் வந்த பிள்ளை, ஒரு நாள் தன் அம்மாவோடு சண்டை போடுவதைக் கேட்பது.

ஆனாலும் 25,500இல் குடும்பம் ஓடாது. நான்கு வருடத்தில் ஒரு முறைகூடச் சம்பளம் கூட்டிக் கேட்டதில்லை. ஆஃபர் லெட்டரைக் காட்டி மிரட்டுகிற மாதிரி ஆகிவிடக் கூடாது என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, எங்கள் மேடத்திடம் போய் உட்கார்ந்தேன். “மேடம், எனக்கு இங்கேதான் இருக்கணும். ஆனா 40,000 இல்லாமல் முடியாது” என்றேன். குரல் நடுங்கியது. அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு 37,000 தந்தார். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நான் தனியாகப் பயிற்சி எடுத்துக்கொள்ளவும் சம்மதித்தார். அதில் மாதம் நான்கைந்தாயிரம் வருகிறது.

பதினாறாம் நாள் அந்த நிறுவனத்துக்கு மரியாதையாக மறுத்து எழுதினேன்.

வருத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஜூனில் தம்பிக்கு மூன்றாம் ஆண்டு பீஸ் கட்ட என் இரண்டு வளையலை அடகு வைத்தோம். அன்று ராத்திரி அந்தப் பழைய நோட்டை எடுத்து மறுபடி கூட்டிப் பார்த்தேன். ஜூலையில் ஐந்து வருடம் முடிந்தது. வளையலை ஜனவரியில் மீட்டாயிற்று.

அந்த ஆகஸ்டில் புதிதாக வந்த நாலு வயதுப் பையன் ஒருவன், ஐந்து ஒலிக்கும் கட்டையைப் போட்டுவிட்டு ‘ஸ்’ வந்தால் மட்டும் என் முகத்தையே பார்ப்பான். மேப்பிங்கை, அதாவது கருவியில் அவனுக்கென்று வைத்த ஒலி அளவுகளை, இரண்டு முறை மாற்றினோம். நான் மறுத்து எழுதி ஏழாவது வாரம், கையால் வாயை மூடிக்கொண்டு ‘ஸ்’ என்றேன். கட்டை வாளியில் விழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அவன் அம்மா, “இன்னொருக்கா சொல்லுங்க டீச்சர்” என்றார். சொன்னேன். மறுபடியும் விழுந்தது.