முதலில் தமிழ்ப் பக்கம் ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள்

திருகோணமலையில் தரம் 4, 5 பிள்ளைகள் ஒன்பது பேருக்கான ஆங்கில வாசிப்புப் பரிகார வகுப்பு இரண்டு தவணைக்குப் பிறகு இப்போதுதான் ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. முதல் ஆறு கிழமையும் வீண். "ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது" என்று வந்த பெயர்ப்பட்டியலை நம்பி எல்லோரையும் ஒரே மேசையில் இருத்தியதுதான் பிழை.

தொடங்கப் போகிறவர்கள் முதல் நாளில் ஆங்கிலப் புத்தகத்தைத் தொடவே வேண்டாம். தரம் 2 தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் கொடுங்கள். சரளமாக வாசிக்கிற பிள்ளைக்கு ஆங்கிலம் புதிது, அவ்வளவுதான். நிறையக் கேட்கவும் பேசவும் வேண்டும். 'பாடம்' என்பதைப் 'படம்' என்று வாசித்து, அரவிலும் (ா) கொம்பிலும் தடுக்கி நிற்கிற பிள்ளைக்கோ வாசிப்பே சிக்கல். இரண்டு வகையையும் கலந்தால் ஒருவருக்குச் சலிப்பு, மற்றவருக்கு வெட்கம்.

அதற்கும் முன்னால் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். மூதூரிலிருந்து கிண்ணியா வழியாக விடியப்புறம் பஸ் ஏறி வந்த ஒரு தாயை, கடிதம் இல்லை என்று கிளினிக் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் கூலி போனது. இரண்டாம் முறை கடிதம் இருந்தது, ஆனால் அன்று காதுக் கிளினிக் இல்லை. கிளினிக் எந்த நாள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வைத்தியரின் கடிதம், சுகாதாரப் பதிவேடு, வகுப்பாசிரியரின் குறிப்பு மூன்றையும் போட்டோப் பிரதியுடன் கொடுத்தனுப்புங்கள். குறிப்பில் 'மந்தம்' என்ற சொல் வேண்டாம். "பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை" என்று கண்டதை எழுதுங்கள். மூன்றாம் முறை அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் உடனே உள்ளே எடுத்தார்கள். இரண்டு காதிலும் குறும்பி அடைத்திருந்தது!

இனி ஒலி. 'பான்', 'பஸ்' இரண்டும் தமிழில் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. பிள்ளைகளின் வாயில் ஒலி வேறு. 'கோப்பி', பந்தாட்டத்துக் 'கோல்' இரண்டும் அப்படியே. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். 'பஸ்' சொல்லும்போது உதடு திறக்குமுன்பே அதிர்வு தெரியும். தெரிந்த சொல்லில் பிடிபட்ட பிறகே ஆங்கில எழுத்தைக் காட்ட வேண்டும்.

எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுப்பது பெரிய தடை. 'சீ, ஏ, ரீ' (c, a, t) என்று எத்தனை தரம் சொன்னாலும் பூனை வராது. ஒலியைச் சொன்னாலும் 'ப்' என்று நிறுத்தாமல் 'ப' என்று அகரம் சேர்த்துவிடுகிறார்கள், பிறகு கூட்டி வாசிக்க முடிவதில்லை. மெய்யொலிக்கான ஆங்கில எழுத்து அட்டைகளின் மேல் பென்சிலால் புள்ளி வைத்தோம். புள்ளி என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும், அன்றே பிடித்துக்கொண்டார்கள். இரண்டு கிழமையில் புள்ளியை அழித்துவிடுங்கள்.

முதலில் எஸ், ஏ, ரீ, பீ, ஐ, என் ஆறும் போதும். கொப்பியில் மூன்று கட்டம் கீறி, மூன்று ஒலியுள்ள சொல்லைச் சொல்லி, ஒலிக்கு ஒரு புளியங்கொட்டையாகக் கட்டத்துக்குள் தள்ளவிடுங்கள். குழுவுக்கு மூன்று பேர், 20 நிமிடம், கிழமைக்கு நாலு நாள். சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் வைத்துப் பார்த்தோம், திங்கட்கிழமை ஒன்றும் மிஞ்சவில்லை. 100 சொல்லில் பத்துக்கு மேல் பிழைத்தால் புத்தகம் கடினம். ஐந்துக்குள் என்றால் அடுத்ததற்குப் போகலாம்.

படத்தை மூடிவிட்டு வாசிக்கவிடுங்கள், மனப்பாடம் தெரிந்துவிடும். எம் எழுத்தும் வந்த பிறகு 'மிப்' போன்ற பொருளில்லாச் சொல்லை எழுதிக்காட்டுங்கள். ஒன்பதில் ஏழு பேர் இப்போது அதை வாசிக்கிறார்கள். மற்ற இருவரும் விசேட கல்வி அலகு ஆசிரியருடன், இன்னும் அந்த ஆறு எழுத்தில்.