தேமல் விழுந்த பேரல்

வேட்டைத் துப்பாக்கியின் பேரலுக்கு (குழலுக்கு) கண்ணாடி மணி அடிக்கிறேன், அதாவது பொடிக் கண்ணாடி உருண்டைகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி மேட் (பளபளப்பில்லாத மங்கல்) ஆக்கும் வேலை. மூன்றாவது தடவையும் தேமல். மணி அடிக்கும் பெட்டியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் பேரலின் நடுவில் ஒரு சாண் வெளிர் சாம்பல், அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் கறுத்த சாம்பல். அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

துப்பாக்கி ரூகர் எம்77 மார்க் 2, .308 தோட்டா, ஸ்டெயின்லெஸ், பேரல் உட்காரும் கட்டை துடுப்பு மாதிரி இருக்கும் அந்தப் பழைய மாடல். போன வருடம் நியூசிலாந்தின் ஸ்டூவர்ட் தீவுக்கு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போனபோது படகில் கடல் தண்ணீர் நன்றாகவே அடித்தது. வந்ததும் வெளியே துடைத்து எண்ணெய் போட்டேன், கட்டையைக் கழற்றவில்லை. எவர்சில்வர்தானே என்ற தைரியம். இரண்டு மாதம் கழித்துக் கழற்றினால் அடிப்பக்கம் முழுக்கக் காப்பிப்பொடி தூவின மாதிரி துரு, சுரண்டினால் கீழே ஊசிமுனைக் குழிகள். சமையலறைப் பாத்திரம் 304 ரக எவர்சில்வர், குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8. துப்பாக்கிக்கு வழக்கமாக வருவது 400 வரிசை, அதில் குரோமியம் 12, 13தான், நிக்கல் பேருக்குத்தான். போதாததற்குக் கட்டைக்குள் உப்புத்தண்ணீர் காற்றுப் படாமல் தேங்கினால், மேலே இருந்து துருவைத் தடுக்கும் ஆக்சைடு படலம் திரும்ப வளர ஆக்சிஜனும் கிடைக்காது.

துருவை எடுத்தது மெரூன் ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு நார், 7447. பிறகு சாம்பல் நிற 7448. எஃகு நாரைத் தொடவே கூடாது, அதன் துணுக்கு ஒட்டிக்கொண்டு புதுத் துருவுக்கு விதை போடும். வீட்டில் கேட்டார்கள், "பாத்திரம் தேய்க்கச் சொன்னால் மட்டும் கை வலிக்குமோ?" பதில் இல்லை.

இதுவரை சுகம். பிரச்சினை கண்ணாடி மணி அடிப்பதில்தான். மணி கீறலை மறைக்கும் என்று நம்பித்தான் முதல் தடவை ஏமாந்தேன். மறைக்காது, கீறலுக்கும் சேர்த்து மேட் பூசிவிட்டுப் போகும். திரும்ப மெரூனில் ஆரம்பித்து நீளவாக்கில் மட்டும் தேய்த்து, வரிசை எண் மேல் மூன்று அடுக்கு டேப் (அது மங்கினால் சட்டச் சிக்கல்), பேரல் வாயிலும் சேம்பரிலும் (தோட்டா உட்காரும் அறை) ரப்பர் தக்கை, அப்புறம் இரண்டாவது அடி. 80 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கினேன், என் கம்ப்ரசரின் 50 லிட்டர் தொட்டி அரை நிமிடத்தில் மூச்சு வாங்கி 40க்கு இறங்கிவிட்டது. அழுத்தம் இறங்கின இடமெல்லாம் வேறு நிறம். மூன்றாவது தடவை 50இலேயே வைத்து, பத்து விநாடி அடி, தொட்டி நிறையும் வரை நில், மறுபடி அடி என்று பொறுமையாகப் போனேன். பாதி வரை அருமை, கைக்கு ரவை மாதிரி ஒரே சீராக இருந்தது. அப்புறம் குழாயில் ஈரம் சேர்ந்து மணி கட்டி தட்டி, துப்பித் துப்பி வந்தது. தண்ணீர் பிரிப்பான் வாங்காமல் மிச்சம் பிடித்த காசு இப்படிப் போயிற்று.

மணி 25 கிலோ மூட்டையாகத்தான் கிடைத்தது. எனக்கு இரண்டு கிலோ போதும், மிச்சத்தைப் பங்குபோட ஆள் தேடுகிறேன். சிட்ரிக் அமிலம், நம்ம எலுமிச்சை உப்புதான், வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கான கடையில் மலிவு. கடைசியில் அதில் முக்கிப் படலத்தைத் திரும்ப வரவைக்கலாம் என்று வாங்கி வைத்திருக்கிறேன். கந்தகம் கலந்த 416 ரகமாக இருந்தால் அமிலத்தில் சட்டென்று கறுத்துவிடும் அபாயம் உண்டு, அதனால் முதலில் கட்டைக்குள் மறையும் பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கப் போகிறேன். தோட்டா ஏற்ற இழுக்கும் போல்ட் கைப்பிடி பளபளவென்று தனியாக முழிக்கிறது, அதையும் மேட் ஆக்கலாமா என்று ஒரு யோசனை. கட்டையின் உள்பள்ளத்தையும் ஒரு நூல் அகலப்படுத்தினால் தண்ணீர் நிற்காது.

முதலில் தண்ணீர் பிரிப்பான். வெள்ளிக்கிழமை வருகிறதாம். அதுவரை பேரல் எண்ணெய்த்துணி சுற்றிப் பெட்டிக்குள் இருக்கிறது, கட்டை தனியாக.