மிதித்த பின் அரை நொடி: டர்போ எஞ்சினில் திராட்டில் தயக்கத்தின் காரணத்தைத் தேடிய அனுபவம்

என்னுடைய காரின் 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவைப் பொருத்தி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான பழைய இசியூவுக்குப் பதிலாக ஸ்பீடுயினோ என்னும் இசியூவை இணைத்து நான்கு மாதங்கள் ஆகின்றன. சீரான வேகத்தில் வண்டி நன்றாகவே ஓடியது. ஆனால் மூன்றாம் கியரில் 2000 ஆர்பிஎம் அளவில் போகும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால், ஏறக்குறைய அரை நொடி எஞ்சின் மூச்சடைத்ததுபோல் திணறிவிட்டு, அதன் பிறகே இழுத்தது. இதை டர்போ லேக் என்று எண்ணிவிடக் கூடாது. டர்போ லேக்கில் இழுவை தாமதமாகக் கூடும். மிதித்த கணத்தில் ஏற்கெனவே இருந்த இழுவை குறையாது.

ஸ்பார்க் பிளக் இடைவெளியை 0.9 மில்லிமீட்டரிலிருந்து 0.7 ஆகக் குறைத்தேன். காற்றுக் குழாய்களில் அழுத்தம் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்த்தேன். இரண்டிலும் பயன் இல்லை.

அடுத்து, ஓடும்போது இசியூ பதிவு செய்த தரவை எடுத்துப் பார்த்தேன். மிதித்த உடனே லாம்டா (பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான காற்றோடு உள்ளே வந்த காற்றை ஒப்பிடும் எண்; 1 என்றால் சரியான அளவு) 1.2 வரை போயிருந்தது. அதாவது கலவையில் பெட்ரோல் குறைந்து, அது லீன் ஆகியிருந்தது. (எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு 14.7 என்னும் காற்று-எரிபொருள் விகிதம், 20 சதவீத எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 ஆகிவிடுவதால், நான் லாம்டாவையே நம்புகிறேன்.) காற்று வழியின் மூடியான திராட்டில் திடீரெனத் திறக்கும்போது, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டில் அழுத்தம் உயர்கிறது, பெட்ரோல் ஆவியாவது குறைகிறது, தெளிக்கப்பட்டதில் ஒரு பகுதி சிலிண்டரின் நுழைவழியான போர்ட்டின் சுவரில் படலமாக ஒட்டிக்கொள்கிறது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ட்யூனிங்கில் முடுக்கத்துக்கான கூடுதல் எரிபொருள் என்னும் அமைப்பு இருக்கிறது. எனவே அதைப் படிப்படியாக உயர்த்தினேன். தயக்கம் குறைந்தது, ஆனால் எஞ்சின் சூடானதும் புகைபோக்கியில் கரும்புகை வந்தது, லீன் முனைக்குப் பின்னாலேயே லாம்டா 0.7 வரை சரிந்தது. முதலில் பற்றாக்குறை, உடனே மிகை என்று அடுத்தடுத்து வருவதைக் கண்டபோதுதான், எரிபொருளின் அளவைவிட அது வந்து சேரும் நேரத்தில் பிழை இருக்க வேண்டும் என்று தோன்றியது.

எரிபொருளின் அளவை என் இசியூ மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்தே கணிக்கிறது. எனவே பதிவின் வேகத்தைக் கூட்டி, திராட்டில் கோட்டையும் மேனிஃபோல்டு அழுத்தக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். திராட்டில் 12 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நொடியில் திறந்துவிட்டது. அழுத்தமோ 45 கிலோபாஸ்கலிலேயே நின்று, அதற்கும் 0.2 நொடி கழித்தே 95ஐத் தொட்டது. எஞ்சினின் ஒரு முழுச் சுழற்சிக்கு (கிராங்க் இரண்டு முறை சுற்றும் நேரம்) அழுத்தத்தின் சராசரியை எடுக்குமாறு நான் அமைத்திருந்ததால், 2000 ஆர்பிஎம்மில் 60 மில்லிநொடித் தாமதத்துக்குக் கணக்கு இருந்தது. மீதித் தாமதத்துக்கு இல்லை.

இந்த அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் காருக்குள் இசியூ பலகையிலேயே இருக்கிறது. அதற்கு நான் இழுத்திருந்த வேக்யூம் ஹோஸ் 80 சென்டிமீட்டர் நீளம். அது தடுப்புத் தகட்டைக் கடக்கும் இடத்தில் நானே போட்டிருந்த பிளாஸ்டிக் கட்டு இறுகி, ஹோஸைத் தட்டையாக்கியிருந்தது. அந்த இடத்தில் வெட்டிப் பார்த்தேன்: உள்ளே ஒரு நெல்மணி நுழையும் அளவுக்கே வழி இருந்தது, ஒரு துளி பெட்ரோலும் தேங்கி நின்றது.

பாதிப்பு எரிபொருளோடு நின்றிருக்கவில்லை என்பதுதான் என்னை உண்மையில் அச்சுறுத்தியது. பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு எத்தனை டிகிரி முன்னால் பொறி விழ வேண்டும் என்று சொல்லும் என் இக்னிஷன் அட்டவணையில் 45 கிலோபாஸ்கலுக்கு 32 டிகிரியும் 95க்கு 20 டிகிரியும் இருந்தன. அந்த இடைப்பட்ட நேரம் முழுவதும், காற்று நிரம்பிவிட்ட சிலிண்டரில் 12 டிகிரி முன்னதாகவே பொறி விழுந்திருக்கிறது. டர்போ தரும் அழுத்தமான பூஸ்ட் ஏறும் தறுவாயில் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து எஞ்சினைச் சேதப்படுத்துவது) வர இது போதும்.

தனி மேப் சென்சார் ஒன்றை எஞ்சின் அறையிலேயே பொருத்தி, மேனிஃபோல்டின் பொது அறையிலிருந்து 15 சென்டிமீட்டர் ஹோஸ் கொடுத்தேன். தாமதம் 70 மில்லிநொடிக்குள் வந்தது. நிலையான ஓட்டத்தில் அழுத்தம் மாறாததால் ஹோஸின் குறை அங்கே தெரியாது. ஆகவே எரிபொருள் அட்டவணையைத் தொடவில்லை. முடுக்கத்துக்கான கூடுதல் எரிபொருளை மட்டும், உயர்த்தி வைத்திருந்ததில் பாதிக்கும் கீழே இறக்கினேன். இப்போது மிதித்தால் லாம்டா 0.85க்கும் 1.03க்கும் இடையில் நிற்கிறது, எஞ்சின் உடனே இழுக்கிறது.

கூலன்ட் 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் சிறு தயக்கம் மிஞ்சியிருக்கிறது. அதற்கான வெப்பநிலைத் திருத்தத்தை ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் என்ற கணக்கில், அதிகாலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சரிசெய்து வருகிறேன்.