மாமாவின் ஹார்ட் டிஸ்குக்கு ஒரு கேபிள்

ஜூன் 10

மேற்கு மாம்பலத்தில் மாமா கல்யாண ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துவிட்டது. தள்ளுபடியில் கிடைத்த வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றின் டப்பாவைப் பிரித்து, உள்ளே இருந்த மூன்றரை அங்குல டிஸ்கை எடுத்து வைத்திருந்தார். கேபினட்டைத் திறந்தால், டிஸ்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா பவர் முனை ஒன்றுகூடக் காலி இல்லை. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பின்பக்கம் காலி சாக்கெட் இருக்கிறது, அதற்கான கேபிள் பையைக் காணோம்.

"வீடு மாத்தினப்போ எங்க போச்சோ தெரியலடா. இந்தக் கேபிள் பக்கத்துக் கடைப் பழைய கம்ப்யூட்டர்ல இருந்தது, கரெக்டா உக்காருது பாரு."

உட்காரும்தான். ஆன் பண்ண விடவில்லை. டிஸ்க் பக்க முனைக்கு 15 ஊசி, எல்லா ஊரிலும் ஒரே வரிசை. எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்கு அப்படி ஒரு பொது விதியே கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில சமயம் ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிஸ்கின் போர்டு அங்கேயே காலி. கம்பிகள் எல்லாம் கருப்பு வேறு, நிறம் பார்த்தும் சொல்ல முடியாது. மாமாவுக்கு நம்பிக்கை வரவில்லை, முகத்தில் தெரிந்தது.

ஜூன் 12

ரிச்சி தெரு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த இடம். முதல் கடையில் மோலெக்ஸ் என்ற பழைய நாலு ஊசி பவர் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளை நீட்டினார்கள். முனை ஒரே பிளாஸ்டிக் கட்டியாக வார்த்தது. இந்த ரகத்தை நான் தொடுவதில்லை. உள்ளே கம்பி நகர்ந்து 12 வோல்ட்டும் கிரவுண்டும் நெருங்கியிருந்தாலும் வெளியே தெரியாது. சூடேறி உருகித் தீப்பிடித்த கதைகள் நிறைய உண்டு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக அழுத்தி மாட்டப்பட்டு, பின்மூடி போட்ட ரகம்தான் வேண்டும் என்றேன். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார் கடைக்காரர். அடுத்த கடைக்குப் போனேன்.

ஒரு சாட்டா முனையை இரண்டாக்கும் ஸ்பிளிட்டர் கிடைத்தது, நான் கேட்ட ரகத்திலேயே. மாமாவின் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) மாட்டியிருக்கும் முனையிலிருந்து பிரிக்கலாம். சாட்டா முனை 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர் வரை தாங்கும். மூன்றரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். எஸ்எஸ்டிக்கு 5 வோல்ட்டே போதும். அதனால் சுமை பிரச்சினை இல்லை. இதே முனையில் நாலைந்து டிஸ்க் தொங்கவிட்டால்தான் வம்பு.

ஜூன் 14

டிஸ்கை மாட்டும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 5.04, 12.1. சரி, 5 சதவீத வரம்புக்குள்தான். மாட்டி ஆன் செய்தால் டிஸ்க் அசையவே இல்லை.

"நான் சொன்ன கேபிளையே போட்டிருக்கலாம்" என்றார் மாமா.

காரணம் மூன்றாவது ஊசி. பழைய முறைப்படி அதில் 3.3 வோல்ட் வரும். சாட்டா விதிகளின் 3.3 என்ற பதிப்பில் (வோல்ட் அல்ல, பதிப்பு எண்) அந்த ஊசியை டிஸ்கை அணைத்துவைக்கும் சிக்னலாக மாற்றிவிட்டார்கள். வெளி டப்பாவிலிருந்து பிரித்தெடுக்கும் டிஸ்குகள் சிலவற்றில் இந்த வசதி இருக்கும். ஸ்பிளிட்டரின் ஆரஞ்சுக் கம்பி 3.3 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் டிஸ்க் எப்படி எழும்? ஆரஞ்சுக் கம்பி இல்லாத நாலு கம்பிக் கேபிளாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆரிய கவுடா சாலையில் மொபைல் ரிப்பேர் கடையில் கேப்டான் டேப் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத மெல்லிய டேப்) துண்டு கேட்டு வாங்கி, டிஸ்கின் மூன்றாவது ஊசியை மட்டும் மூடினேன். சுழன்றது. மாமா 2019 முகூர்த்தங்களை காப்பி போட ஆரம்பித்துவிட்டார். பக்கத்துக் கடைக் கேபிளை அவர் கையில் விட்டுவைக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.