மிருதங்கத் தொப்பி தெளிவாகக் கேட்க ஒரு சின்னப் பெட்டி: மட்டக்களப்புக் கல்லடி அறையில் ஸ்பீக்கர் தெரிவு

அறை 10க்கு 12 அடி. சீமெந்துச் சுவர், டைல்ஸ் நிலம், ஒரு யன்னல். கேட்பது கர்நாடக சங்கீதம், பெரும்பாலும் வாய்ப்பாட்டும் வீணையும். போட்டிக்கு வந்தவை இரண்டு சோடி: ஒன்று 4 அங்குல வூஃபர் (கீழ் ஒலி தரும் கூம்பு), மற்றது 5¼ அங்குலம்.

கடைக்குப் போகமுன் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடுபவரின் ஆதார சட்ஜம் (அடிப்படை ஸ) ஏறத்தாழ 139 ஹேர்ட்ஸ். தம்புராவின் மந்தரத் தந்தி அதில் பாதி, 69. மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் இடப்பக்கமான, ரவை அப்பிய தொப்பியும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கும். மூன்று கட்டைக்குச் சுருதி கூட்டிய வீணையின் மிகக் கீழ்த் தந்தியான அனுமந்தரப் பஞ்சமம் 62. ஆகவே 60 வரை ஒழுங்காக இறங்கும் பெட்டி போதும். 40க்கு இறங்குவதற்குக் கொடுக்கும் காசு சினிமாப் பாட்டுக்காரருக்கே பிரயோசனம். பெட்டி மட்டையில் "55 ஹேர்ட்ஸ்" என்று மட்டும் போட்டிருந்தால் நம்பக்கூடாது. பக்கத்தில் ±3 டெசிபல் என்று இருக்க வேண்டும், அதாவது அதுவரை சத்தம் அந்த அளவுக்கு மேல் ஏறி இறங்காது.

4 அங்குலத்தில் குரல் அருமை. தொப்பியின் சுரமும் விளங்கியது, ஏனென்றால் அடிப்படை அதிர்வு குறைந்தாலும் மேல்சுரங்களை வைத்துக் காது அதை ஊகித்துக்கொள்ளும். ஆனால் கும்கியில், அதாவது தொப்பியில் கை அழுத்தி வழுக்கும்போது வரும் கனம் இல்லை. அதனால் 5¼.

அதை அலுமாரித் தட்டில் சுவரோடு ஒட்டி வைத்ததும் தொப்பி "பொம்" என்று வீங்கியது. பழி பெட்டியில் இல்லை. பின்பக்கம் போர்ட் (காற்றுத் துளை), அதற்குப் பின்னால் சீமெந்துச் சுவர். இது போதாதென்று 10 அடிச் சுவர்களுக்கிடையே 57 ஹேர்ட்ஸும் 12 அடிக்கு 48ம் தாமாகவே எழும்பும். தாளம் ஓடும்போது முந்தின அடி அடங்கமுன் அடுத்தது விழுந்து, மிருதங்கம் முழுக்கச் சேறாகிவிடும். சுவரிலிருந்து 35 சென்ரிமீற்றர் முன்னே இழுத்ததும் வீக்கம் வெகுவாகக் குறைந்தது. அலுமாரியை விட்டால் வேறு இடமில்லை என்பவர்கள் போர்ட்டுக்குள் சுருட்டிய ஸ்பொன்ச் ஒன்றைச் செருகலாம்; கீழ் ஒலி கொஞ்சம் குறையும், ஆனால் அடி சுத்தமாக விழும். போர்ட் இல்லாத மூடிய பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் மூடிய பெட்டி எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பிபிசிக்காக 1970களில் உருவான எல்எஸ் 3/5ஏ என்ற ஸ்பீக்கர் மூடிய பெட்டிதான், குரலுக்குப் பேர்போனது; என்றாலும் அதன் கீழ் ஒலியில் வேண்டுமென்றே வைத்த சிறு மேடு மிருதங்கத்துக்கு எப்போதும் ஒத்துவராது.

டுவீட்டர் (மேல் ஒலி தரும் சின்ன வட்டம்) காது மட்டத்தில் இருக்க வேண்டும். கதிரையில் இருந்தால் ஏறக்குறைய 1 மீற்றர், பாயில் சப்பாணி கட்டினால் 75 சென்ரிமீற்றர். ஸ்டாண்ட் குழாய்க்குள் கனத்துக்கு மணல் போடுவதென்றால் காய்ந்த ஆற்று மணல் மட்டுமே. கடல் மணலின் உப்பு ஈரத்தை இழுத்துக் குழாயை உள்ளிருந்து அரித்துவிடும்.

வயலின் மேல் ஸ்தாயியில் காதைக் குத்தியது. டுவீட்டரைக் குறை சொல்லமுன் யன்னலுக்கும் எதிர்ச் சுவருக்கும் மருதமுனைக் கைத்தறித் துணியை இரட்டையாக மடித்து, மடிப்பு விழத் தொங்கவிட்டு, நிலத்தில் பன்பாய் விரித்ததும் முக்கால்வாசி அடங்கியது. துணி கீழ் ஒலியை ஒன்றும் செய்யாது; அது இடம் மாற்றித்தான் தீரும்.

அம்பிளிபயர் 30 வாட் போதும். ஒரு வாட்டுக்கு 1 மீற்றரில் 86 டெசிபல் தரும் பெட்டி இரண்டு, 2 மீற்றர் தூரம், சராசரி 75 டெசிபல் என்றால் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே செலவு. மிருதங்கத்தில் சாப்பு என்ற அடி அதைவிட 20 டெசிபல் மேலே பாயும்போது நூறு மடங்கு கேட்கும், அப்போதும் பக்கத்துக்கு 16 வாட்தான். ஃபேன் சுழலும் சத்தத்தை வெல்லச் சிலர் சத்தம் கூட்டுவார்கள், அதற்குத்தான் மிச்சம்.

வயர் கொழுவியதும் பழைய மோனோ ஒலிப்பதிவொன்றைப் போட வேண்டும். குரல் நடுவில் ஒரு புள்ளியாக நிற்காமல் அறையெங்கும் பரவி, தொப்பியும் மெலிந்து போனால் ஒரு பக்கத்துக் கூட்டல் கழித்தல் மாறியிருக்கிறது. இந்தப் பிழையோடு மாதக்கணக்கில் பாட்டுக் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

வூஃபர் விளிம்பு இறப்பரா ஸ்பொன்சா என்று விரலால் தொட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். இந்த வெக்கையிலும் ஈரத்திலும் ஸ்பொன்ச் விளிம்பு உதிரும். மாரியில் பெட்டியின் பின்பக்க வெட்டு முனைகள் ஈரம் குடித்து ஊதும். வார்னிஷ் ஒரு பூச்சு காணும். உப்புக் காற்றில் செம்புக் கம்பி முனை பச்சை பிடித்தால் 1 சென்ரிமீற்றர் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவிக் கொழுவ வேண்டும்.