ஒழுகாத கூரை தேடிப் போன கதை

மான்செஸ்டர்ல இருந்துகிட்டு பாறை ஏறுறதுதான் என் பொழுதுபோக்குன்னு சொல்றவங்களுக்கு, பாதிப் பொழுது வானிலை ஆப் பார்த்தே போயிரும். போன சனிக்கிழமை விடிஞ்சதே அடைமழையில. எல்லாரும் போர்வைக்குள்ள கிடக்க, எங்க குரூப் மதுரைக்காரன் மட்டும் வாட்ஸாப்ல கூவுறான்: "ஓவர்ஹேங் கிராக்டா! மழை நம்மள தொடக்கூட முடியாது. கிளம்புங்க!"

கேட்க நியாயமாத்தான் இருந்துச்சு. ஓவர்ஹேங்னா கூரை மாதிரி முன்னால துருத்திக்கிட்டு நிக்கிற பாறை, கிராக்னா அதுல இருக்கிற விரிசல். பாறை அப்படி நின்னா அடியில திண்ணை மாதிரி காய்ஞ்சு கிடக்கும். லீக் ஊர்ப் பக்கம் ரோச்சஸ்னு ஒரு பாறைத்தொடர். 1954ல டான் வில்லன்ஸ்ங்கிற பாறையேறி முதன்முதலா ஏறின 'ஸ்லாத்'ங்கிற ஏறுவழி அங்கதான் இருக்கு. பெரிய கூரைக்கு அடியில மல்லாக்கத் தொங்கிக்கிட்டே போகணும். அது எங்க தகுதிக்கு மேல. பக்கத்துல சின்னதா ஒரு கூரை பார்த்து வச்சிருக்கேன்னான்.

போய்ச் சேர்ந்தோம். அந்தப் பாறை பார்த்து நிக்கிறது தென்மேற்கு. இங்க மழையைத் தள்ளிக்கிட்டு வர்ற காத்தும் அநேகமா அதே பக்கம்தான். கூரை என்னமோ கூரைதான். சாரல் மூஞ்சிலயே அடிக்குது.

மதுரைத் தலைவர் அசரல. தோல் உரியாம இருக்க ரெண்டு புறங்கையிலயும் வெள்ளை டேப்பைக் கல்யாண மாப்பிள்ளை கணக்கா நிதானமா சுத்திக்கிட்டு, முஷ்டியை விரிசலுக்குள்ள மணிக்கட்டு வரைக்கும் திணிச்சான். இப்படிக் கையை இறுக்கி மாட்டுறதுக்குப் பேர் ஜாம். ஜாம் கச்சிதம். ஒரு நிமிஷம் தொங்கினான். அப்புறம் முகம் மாறிப்போச்சு. உள்ளேயிருந்து பச்சைத் தண்ணி டேப்பை நனைச்சு, முழங்கை வழியா இறங்கி, சட்டைக்குள்ள அக்குள் வரைக்கும் ஓடுது.

மேல புல்லுலயும் மண்ணுலயும் ஊறுற தண்ணி எங்கேயாவது இறங்கித்தானே ஆகணும்? அதுக்கு மலை வச்சிருக்கிற குழாயே இந்தக் கிராக்தான். மழை விட்ட பிறகும் நாள் கணக்கா கசியும். கூரையோட அடிப்பக்கம் மட்டும் கீறி, மேல வரைக்கும் பிளக்காத விரிசலாப் பார்க்கணும். அப்படியே கிடைச்சாலும் விளிம்பைத் தாண்டித் தலையை நீட்டுற இடம் மழையிலதான். வில்லன்ஸ் தொழில்ல பிளம்பர், அவர் கண்ணுக்கு ஒழுகல் தெரிஞ்சிருக்கும். நம்மாளு ஐடி.

திரும்பி வர்றப்ப வாய் சும்மா இருக்காம நான்தான் சொன்னேன்: ஷெஃபீல்டுல டாம் ராண்டல், பீட் விட்டேக்கர்னு ரெண்டு பேர் வீட்டு நிலவறையில மரத்தாலயே கிராக் செஞ்சு தொங்கிப் பழகி, 2011ல அமெரிக்காவுல யூட்டாவுல 'செஞ்சுரி கிராக்'ங்கிற கூரை விரிசலை ஏறி முடிச்சாங்க, 2021ல டெவன்ல எம்5 நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில கான்கிரீட் இடுக்கையே பிடிச்சு நாள் கணக்கா தொங்கிக்கிட்டே போனாங்கன்னு.

அதுலேர்ந்து ஒவ்வொரு பாலம் வர்றப்பவும் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து பார்க்கிறான். "டேய், ரோட்டைப் பாருடா!"

"இருடா... இது ஒழுகுதான்னு பார்த்துக்கிறேன்."