‘பெனி அண்ட் த ஜெட்ஸ்’: இன்னும் மசியாத முதல் கார்டு (chord)

ஆங்கிலேயப் பாடகரும் பியானோ கலைஞருமான எல்டன் ஜான் 1973இல் வெளியிட்ட ‘குட்பை யெல்லோ பிரிக் ரோட்’ இரட்டைத் தட்டை இப்போதுதான் முதன்முறையாக முழுவதும் கேட்கிறேன். கேட்பதோடு நில்லாமல், அதன் பியானோப் பகுதிகளைச் செவிவழியாகவே கீபோர்டில் எடுத்து வருகிறேன். தலைப்புப் பாடல் கைக்கு வந்துவிட்டது. எஃப் மேஜரில் நிதானமாகச் செல்லும் மெட்டு, சரணத்தின் முடிவில் டி ஃபிளாட்டுக்குத் தாவி, ஏ ஃபிளாட்டைத் தொட்டு, சி செவன்த் வழியாக எஃபுக்கே வந்து சேரும் அந்தச் சுற்று விரலில் தங்கியதில் எனக்குப் பெருமைதான்.

முதல் பக்கத்தின் கடைசிப் பாடலான ‘பெனி அண்ட் த ஜெட்ஸ்’ மட்டும் மசிய மறுக்கிறது. தொடக்கத்தில் ஜி மேஜர் செவன்த் என்ற கார்டு, அதாவது ஒரே நேரத்தில் அழுத்தும் சுரக்கூட்டு, தனித்தனி வெட்டுகளாக விழுகிறது. கார்டு எளிது, கட்டையிலிருந்து விரலை எடுக்கும் நொடிதான் கடினம். சற்று முந்தினால் ஓசை சப்பென்று போகிறது, சற்றுப் பிந்தினால் அடுத்த வெட்டின் கூர்மை மழுங்கிவிடுகிறது. ஓசையை நீட்டிக்கும் பெடலிலிருந்து காலை எடுத்தேன், கீபோர்டின் ரிவர்ப் என்ற எதிரொலி விளைவையும் அணைத்தேன். அதன் பிறகே இடக்கை வலக்கையைவிட ஒரு மயிரிழை தாமதமாக எழுவது காதில் பட்டது.

பாரிஸுக்கு அருகிலுள்ள ஷட்டோ தெரூவில் ஸ்டூடியோவில் பதிவான பாடல் இது. மேடைக் கச்சேரி போல ஒலிக்க வேண்டுமென்று தயாரிப்பாளர் கஸ் டட்ஜன் கூட்டத்தின் ஆரவாரத்தையும் விசிலையும் எதிரொலியையும் பின்னர் சேர்த்தார். வெட்டுகளுக்கு இடையே நம் காதை நிரப்புவது பெரும்பாலும் அந்தச் சேர்க்கைதான். அதை மனத்தால் விலக்கிக் கேட்டால், அடியில் இருக்கும் வாசிப்பு மிகவும் வறண்டது, குறுகியது. ஆகவே பதிவில் கேட்கும் நீளத்தை அல்ல, அந்த வறட்சியையே இப்போது பழகுகிறேன். தாளம் தட்டும் மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து இடக்கையை மட்டும் வாசிக்கிறேன்.

இதற்கிடையே பழைய தட்டு விற்பவர் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பாடலாசிரியர் பெர்னி டாபினின் வரிகளும், அவற்றுக்கான ஓவியங்களுமாக மூன்றாக விரியும் மூல உறை இருந்தால் மட்டுமே வாங்குவேன். டேவிட் ஹென்ட்ஷெலின் சிந்தசைசருடன் தொடங்கி ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும் முதல் பாடலில், அந்த முகப்பு முடிந்ததும் நுழைகிற பியானோவுக்கு இப்போதே குறிப்பெழுதத் தொடங்கிவிட்டேன். அதன் பிறகு ‘கிரே சீல்’. அதன் தொடக்கத்தில் உருண்டோடும் வலக்கைக்கு, எடையுள்ள கட்டைகள் கொண்ட கீபோர்டு ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன்.